சீனி கொலை வழக்கும் சீனியும்

1

இந்தக் கதை ஒரு பிஸ்கோத்துக் கடை வாசலில் பிறந்தது. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் நிழல் ரோட்டைத் தொடுகிற இடத்தில் அந்தக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் எல்ஸி. ஈப்போவில் வழக்கறிஞர், என்னோடு படித்தவர். அந்த வாரம் ஒரு வழக்கில் தோற்றிருந்தார். தோற்றதுகூடப் பெரிதில்லை. தோற்றிருக்கக் கூடாது என்பதற்கான ஆதாரம், தோற்ற பிறகு கிடைத்திருந்தது.

“கொண்டு போய்க் காட்ட வேண்டியதுதானே?” என்றேன்.

“யாருகிட்ட? கடைசிக் கோர்ட்டு சொல்லியாச்சு. சொன்ன கோர்ட்டே இனி அதத் தொட முடியாது லா. எப்பவாவது, தாங்க முடியாத அநியாயம்னா மட்டும் ஒரு சின்னக் கதவத் தொறப்பாங்க. அதுவும் இந்தக் காலத்துல. அந்தக் காலத்துல அதுவும் கெடையாது.”

“உயிர் போகிற விஷயமாக இருந்தாலுமா?”

“செத்தவனே எந்திரிச்சு வந்து நின்னாலும்.”

எல்ஸி அதைப் பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்கோ அப்படி ஒருவன் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்கோத்து வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே இது நடந்த கதை இல்லை. இதில் வரும் கோர்ட்டு நான் கட்டியது, நீதிபதி நான் உட்கார வைத்தவர், தோட்டமும் நான் நட்டது. 1926ஆம் வருடக் கடைசியில் பேராக் மாநிலத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளம் மட்டும் என்னுடையது அல்ல. அது தானாகவே வந்தது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது:

“கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெள்ளைக்கார நீதிபதி கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் —”

வேண்டாம். நீதிபதியிலிருந்து ஆரம்பித்தால் கதை அவருடையதாகிவிடும்.

இரண்டாவது: “எல்லாவற்றுக்கும் ஒரு சேவல்தான் காரணம்.” இது பொய்யில்லை. உடையப்பன் சண்டைக்கென்று வளர்த்த சேவலை, அவன் மனைவியின் அண்ணன் சீனி கேட்காமல் கொண்டுபோய்ப் பந்தயத்தில் விட்டான். சேவல் ஒரு கண்ணோடு திரும்பி வந்தது. ஆனால் ஒருவனைத் தூக்கு மேடை வரை கொண்டுபோகிற கதையைச் சிரிப்போடு தொடங்க எனக்கு மனம் வரவில்லை. [சேவல் விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.]

மூன்றாவது இது:

நவமணி முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முகம் இல்லை. சட்டையின் கழுத்துத் தையலைப் பார்த்தாள்.

இதிலிருந்தே போகலாம்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே கல்மலைத் தோட்டம். நவமணியும் அவள் புருஷன் உடையப்பனும் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். சீனிக்கு அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையிலேயே கடைசி வீடு. சேவலின் கண் போன அன்று சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் மச்சானும் மாப்பிள்ளையும் மோதிக்கொண்டார்கள். “ஒன்ன வெட்டி ஆத்துல போடாம விட மாட்டேன்” என்று உடையப்பன் கத்தியது கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. பிறகு ஒரு கட்டையை எடுத்து அடித்தான். சீனியின் தலையிலிருந்து ரத்தம் கொட்டியது. சீனி வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே எழுந்து மழைக்குள் இறங்கி நடந்தான். அவன் எழுந்து போனதைப் பார்த்தவர்கள் குறைவு, மழை எல்லோரையும் உள்ளே விரட்டியிருந்தது. அடி விழுந்ததைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

மறுநாள் சீனி இல்லை. மழை விடவில்லை. ஆறு ரோட்டுக்கு ஏறியது, பாலம் போனது, தோட்டமே தீவானது. தண்ணீர் வடிந்த பிறகு, ஆற்றோரத்து மூங்கில் புதரில் சிக்கிக் கிடந்த ஓர் உடலை மாத்தாக்கள், போலீஸ்காரர்கள், இழுத்துப் போட்டார்கள். மண்டை பிளந்திருந்தது. நவமணியைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள்.

சட்டையின் கழுத்து போன தீபாவளிக்கு முன்னால் கிழிந்தது. வீட்டில் வெள்ளை நூல் இல்லை என்று சிவப்பு நூலால் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். “எவனாச்சும் கேட்டா, ரத்தம்னு சொல்லிக்கிறேன்” என்று சீனி கேலி செய்தான்.

“இது எங்கண்ணன் சட்டதான்” என்றாள்.

“சட்டையக் கேக்கலம்மா. ஆளக் கேக்குறேன்” என்றார் மாத்தா.

அவள் மறுபடி சிவப்பு நூலைப் பார்த்தாள்.

“எங்கண்ணன்தான்.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஒரு கால் வைக்கிற அகலம்கூட இராது. வழக்கு முழுவதும் அதற்குள்தான் விழுந்தது. எழுதிவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நவமணி பொய் சொல்லவில்லை. எவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

3

நவமணி மீது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புருஷன் கொன்றான் என்று அவள் நிஜமாகவே நம்பினாளா?

அவள் கடைசிவரை நம்பவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவள் அம்மன் சிலை மாதிரி நின்றாள், கிழித்துப் போட்டேன். அவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது என்று இன்னொரு பக்கம் எழுதினேன். அது அபாண்டம். அவர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

கடைசியில் அவளிடமே விட்டுவிட்டேன். அவள் நம்பினாள். கள்ளுக்கடையிலிருந்து வந்தவனின் கையில் இருந்த ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டவள் அவள். கழுவிய கை அதை எப்படி மறக்கும்?

ஈப்போவில் வழக்கு நடந்தது. மேலே நீதிபதி, அவருக்குப் பக்கத்தில் கருத்துச் சொல்ல இரண்டு அசெசர்கள், கீழே மொழிபெயர்ப்பாளர் யேசுதாசன். தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை இங்கிலீஷிலும், துரை சொல்வதைத் தமிழிலும் சொல்வது அவர் வேலை. வெள்ளைக் கோட்டு, பொத்தான் கழுத்துவரை. எந்த வாக்கியத்திலும் தன் குரல் கலந்துவிடக் கூடாது என்று பேசுகிறவர்.

கூண்டில் நின்ற உடையப்பன் சொன்னான்: “அடிச்சேன் தொரை. ஒரு அடி. எங்க மச்சான் என்னையத் திட்டிக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு. எங்கப்பனையும் சேத்துத் திட்டுனாரு. செத்தவன் அப்படியா திட்டுவான்?”

யேசுதாசன் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். நவமணி ஏறினாள். சட்டையைக் காட்டினார்கள். “ஆமாங்க” என்றாள். கையில் ரத்தம் இருந்ததா என்று கேட்டார்கள். அதற்கும் “ஆமாங்க” என்றாள். உடையப்பன் பக்கம் அவள் திரும்பவில்லை. அவன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை மிச்சம், ஆனால் அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாட்சிகளை மறித்துக் கேட்டார். சந்தேகம் வந்த இடமெல்லாம் நிறுத்தி யோசித்தார். யோசித்து முடித்ததும் சந்தேகம் இல்லை என்று தீர்மானித்தார். கையெழுத்து வைத்தார். உயிர் போகும்வரை தூக்கிலிட வேண்டும் என்ற வாக்கியத்தை யேசுதாசன்தான் தமிழில் சொன்னார்.

அப்பீல் போனது. மேல் கோர்ட்டு தள்ளிவிட்டது. வழக்கப்படி விஷயம் ராஜாவின் சபைக்கும் போய், தலையிட ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள்.*

* சபை தலையிடாததில் தவறு சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்தது ஒரு சட்டை, ஒரு மண்டை, ஒரு சத்தியம். நீங்களும் நானும் அங்கே இருந்தாலும் அதே மூன்றைத்தான் பார்த்திருப்போம்.

4

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை. பால் வெட்டி முடித்து, லயத்துக் குழாயடியில் நவமணி துணி அலசிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏ, நவமணி! ஒம் புருசன் கோவம் எறங்கிருச்சா? ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து கருவாடு கொண்டாந்திருக்கேன், நல்ல திருக்கை. அவனக் கூப்புடு, சமாதானமாப் போயிருவோம்.”

சீனி. மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. நெற்றியில் அந்த அடியின் தழும்பு. ஓலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

அவள் அலறவில்லை. (அலறியதாக எழுதி அடித்துவிட்டேன்.) ஈரக் கையோடு எழுந்து வந்து அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே துடித்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு அதே கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“எங்க போன அண்ணே? எங்க போய்த் தொலைஞ்ச?”

“கோவத்துலதான் போனேன். வெள்ளத்துல ரோடு போச்சு. அப்புறம் காய்ச்சல். அப்புறம்...” சீனி கன்னத்தைத் தடவிக்கொண்டான். “மாப்புள்ள வந்து கூப்புடட்டும்னு இருந்தேன். வரவே இல்ல.”

“எப்படி வருவாரு? ஒன்னையக் கொன்னுட்டாருன்னு அவரத் தூக்குல போடப் போறாங்க.”

சீனி அதைப் புரிந்துகொள்ளப் பட்ட பாட்டை முகத்தில் பார்த்தாள். சிரிப்பு முதலில் போனது. அப்புறம் நிறம் போனது. கருவாட்டுப் பொட்டலம் கை நழுவிக் குழாயடித் தண்ணீரில் விழுந்தது.

“ஒஞ்சட்ட? நான் தெச்ச சட்ட எங்க?”

“அதா... அன்னைக்கு ஆத்தங்கரையில ஒருத்தன். வேற தோட்டத்து ஆளு போல, பேரு தெரியல. மேலுக்குத் துணியில்லாம நடுங்கிக்கிட்டு நின்னான். கழட்டிக் குடுத்துட்டு நடந்தேன்.”

செத்துக் கிடந்தவன் யார், அவன் மண்டையைப் பிளந்தது வெள்ளத்தில் எந்தக் கல் என்பது எனக்கும் தெரியாது. மழையில் ஒருவன் நடுங்கினான், இன்னொருவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். எனக்குத் தெரிந்த மட்டில் இந்தக் கதையிலேயே நல்ல காரியம் அதுதான். தூக்குக் கயிற்றைத் திரித்ததும் அதுதான். இதை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நவமணி சீனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். ரயில் ஏறி ஈப்போவில் இறங்கும்வரை விடவில்லை.

5

கோர்ட்டு மதியச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தது. யேசுதாசன் வளாகத்து மழைமரத்தடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். நவமணியை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் இழுத்து வந்த ஆளைத் தெரியவில்லை.

“ஐயா, இதுதான் எங்கண்ணன் சீனி.”

யேசுதாசன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். கோப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நீதிபதியின் அறைவரை நடந்தார்.

இனி நீதிபதி பேசுவதெல்லாம் யேசுதாசன் வாய்த் தமிழில்தான் வரும். நவமணிக்கு அப்படித்தான் கேட்டது.

நீதிபதி சீனியை நிற்க வைத்துக் கேட்டார். தோட்டம், லயம், கங்காணி பெயர், சேவல், அடி. தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது.

“துரை சொல்றாரு: இவன் சீனிதான். எனக்குச் சந்தேகம் இல்ல.”

நவமணி கும்பிட்டாள். “அப்ப எம்புருசன விட்டுருங்க தொரை.”

“துரை சொல்றாரு... அவரால முடியாதாம்.”

“ஏன்?”

“தீர்ப்புல கையெழுத்து வைக்கிற வரைக்கும் அது அவரோடது. வச்சப்புறம் அவரு கைய விட்டுப் போயிருச்சு. ஒரு எழுத்து தப்பா விழுந்திருந்தா திருத்தலாம். தீர்ப்பத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்ல. மேல் கோர்ட்டும் சொல்லி முடிச்சிருச்சு. அவங்களுக்கும் இல்ல.”

நவமணி சீனியைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “கண்ணு முன்னாடி நிக்கிறாரே!”

“துரை பாக்குறாரும்மா. கோர்ட்டு பாக்க முடியாது.”

அப்போது நவமணி சொன்னதை நான் யோசித்து எழுதவில்லை. பேனா தானாகவே எழுதியது.

“நான் தப்பாச் சொன்னேன் தொரை. நான் சொன்னத நான் திருப்பி எடுத்துக்குறேன். நீங்க சொன்னத நீங்க திருப்பி எடுத்துக்குங்க.”

யேசுதாசன் அதை மொழிபெயர்க்க வாயெடுத்து நின்றார். இத்தனை வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக அதில் அவர் குரலும் கலந்தது. நீதிபதி கேட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

“நீ எடுத்துக்கலாம். என்னால முடியாது.”

[இந்த இடத்தில் வாசகருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. எல்ஸிக்குப் போன் செய்து, இது என்ன சட்டம், மனிதர்களுக்காகச் செய்ததா கல்லுக்காகச் செய்ததா என்று கத்தினேன். அவர் பொறுமையாக ஒன்று சொன்னார். அதை யேசுதாசனிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கே அது பொருத்தம்.]

யேசுதாசன் தாழ்ந்த குரலில், தானாகப் பேசினார். “தங்கச்சி, ஒங்க தோட்டத்து ராக்காயி கேஸு ஞாபகம் இருக்கா? புகைக்கூடத்துக்கு இவதான் தீ வச்சான்னு புடிச்சாங்களே. இதே துரைதான் குத்தமில்லன்னு விட்டாரு. அப்புறம் தோட்டத்துக்காரங்க புதுசா ஒரு சாட்சியக் கொண்டாந்து, திரும்ப விசாரிங்கன்னு கேட்டாங்க. துரை என்ன சொன்னாரு தெரியுமா? விட்டது விட்டதுதான், நானே நெனச்சாலும் தொட முடியாதுன்னாரு.”

நவமணிக்கு ராக்காயி கண்ணில் வந்தாள். மாத்தாக்கள் சைக்கிளில் போகிற ரோட்டில், தலையை விரித்துப் போட்டுக் காய வைத்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் வெற்றிலை போடுகிற ராக்காயி. அவளைப் பிடித்துப்போக இனி எவனும் வர மாட்டான். நாளைக்கு எவன் என்ன சாட்சி கொண்டுவந்தாலும் வர மாட்டான். ஏனென்றால் ஒரு சுவர் இருக்கிறது. அதன் இந்தப் பக்கம் ராக்காயி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் உடையப்பன் முட்டிக்கொண்டிருக்கிறான். சுவர் ஒன்றுதான்.

இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. தோட்டத்துத் துரை காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் மாற்றிச் சொல்வார். கங்காணி வாய்க்கு வந்தது அன்றைய சட்டம். ஆற்றின் பாதைகூட நிலையில்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். இங்கே ஒருவர் ஒரு சொல் சொல்லி, அந்தச் சொல்லுக்குக் கீழே தானே அகப்பட்டு நிற்கிறார். சொன்னவரைவிடச் சொன்னது பெரிதாகிவிட்டது. அவள் உடம்பு சிலிர்த்தது. பயமா, பக்தியா என்று என்னால் பிரித்து எழுத முடியவில்லை.

ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

“சரிங்க. சுவரு இருக்கட்டும். அத இடிக்கச் சொல்லல. ராக்காயிக்கு வேணும். சுவருக்கு மேல யாரு இருக்கா?”

“துரை சொல்றாரு: ராஜா. மன்னிக்கிற அதிகாரம் அவரு ஒருத்தருக்குத்தான்.”

“அப்ப வாங்க, போலாம்” என்றாள் நீதிபதியைப் பார்த்து.

யேசுதாசன் அவளைப் பார்த்தார். நீதிபதியைப் பார்த்தார். அப்புறம் மொழிபெயர்த்தார்.

6

போனாரா?

எல்ஸி சிரித்தார். “1927ல வெள்ளைக்கார ஜட்ஜு, தோட்டத்துப் பொம்பள கூப்பிட்டான்னு போவாரா? தந்தி அடிப்பாரு. ஃபைல் அனுப்புவாரு.”

தந்தி அடித்தார். சிறைக்கும் அடித்தார், மேலேயும் அடித்தார். ஆனால் நீதிபதியின் தந்திக்காகத் தூக்கை நிறுத்தச் சிறைக்கு அதிகாரம் இல்லை. ராஜாவின் சொல் வந்தால்தான் நிறுத்த முடியும். இது நீதிபதிக்கும் தெரியும். கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். தொப்பியை எடுத்தார். கோர்ட்டு போக முடியாத இடத்துக்கு, கோர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மனிதர் போனார். எல்ஸி நம்பாவிட்டால் போகட்டும்.

நீதிபதியின் மோட்டார் ராஜாவின் ஊருக்கு, கோலா கங்சார் ரோட்டில் ஓடியது. சுங்கை சிப்புட்டைத் தாண்டும்போது பாசாரில் சாமான் வாங்க வந்திருந்த கல்மலைத் தோட்டத்து ஆட்கள், துரையின் மோட்டாரில் செத்துப்போன சீனி உட்கார்ந்து போவதைப் பார்த்தார்கள். சீனி வழக்கம்போலக் கையை ஆட்டினான். ஒருவர் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கோலா கங்சாரில், சபைக் காரியங்களைப் பார்க்கும் கட்டடத்தின் வெளி வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. மனுக் கொண்டுவருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. நீதிபதியைப் பார்த்ததும் ஓர் உத்தியோகஸ்தர் ஓடி வந்து உள்ளே நாற்காலி இருக்கிறது என்றார். நீதிபதி தலையசைத்து மறுத்தார்.

“இன்னைக்கு நானும் கேக்கத்தான் வந்திருக்கேன்னு சொல்றாரு” என்றார் யேசுதாசன், யாரும் கேட்காமலே.

நீதிபதி பெஞ்சில், நவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பதறி எழப் போனாள். உட்காரும்படி கை காட்டினார். தொப்பியை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார். வலது கை அதன் விளிம்பைக் கசக்கிக்கொண்டே இருந்தது. அதுதான் கையெழுத்து வைத்த கை. நவமணி அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நீதிபதி ஏதோ சொன்னார்.

“துரை கேக்குறாரு: அந்தச் சட்டையப் பாத்த அன்னைக்கு, உறுதியாத் தெரிஞ்சுதான் சொன்னியா?”

“தெரிஞ்சுதாங்க சொன்னேன்.”

நீதிபதி தலையை ஆட்டினார். அவர் சொன்ன ஒற்றைச் சொல்லை யேசுதாசன் தமிழாக்கினார்.

“நானும்.”

வராந்தாவுக்கு அப்பால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் அறியாததுபோல.

கதவு திறந்தது. அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். அரச சபையைக் கற்பனை செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. வெளியே வந்தபோது யேசுதாசனின் வெள்ளைக் கோட்டில் மேல் பொத்தான் திறந்திருந்தது. நவமணியிடம் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: “வெள்ளிக்கிழமை இல்ல, தங்கச்சி. எந்தக் கிழமையும் இல்ல.”

7

இங்கேயே முடித்திருக்கலாம். பலரும் இங்கேதான் முடிப்பார்கள். ஆனால் மன்னிப்பு உத்தரவைக் கொண்டு சிறைக்குப் போன யேசுதாசனுக்கும் சீனிக்கும் அங்கே ஒரு வேலை காத்திருந்தது.

உடையப்பன் செத்துப் பிழைத்தவன் மாதிரி இல்லை. சீனியைப் பார்த்ததும் கட்டிப் பிடித்தான், அழுதான், முதுகில் குத்தினான். பிறகு காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். யேசுதாசன் தமிழில் சொன்னார். சீனி என்பவரைக் கொலை செய்த குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனையிலிருந்து, உடையப்பன் என்பவருக்கு மன்னிப்பு.

“யாரக் கொன்னதுக்கு?”

“சீனிய.”

“இவரு யாரு?”

“சீனி.”

உடையப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நான் கொல்லலன்னு அதுல இல்லியா?”

“இல்லப்பா. தீர்ப்பு அப்படியேதான் இருக்கும். அத யாரும் தொட முடியாது. தண்டனைய மட்டும் தூக்கிட்டாங்க.”

“செய்யாத கொலைக்கு மன்னிப்பா? அத வாங்கிக்கிட்டா நான் செஞ்சதாத்தானே அர்த்தம்?” அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். “நான் வரல.”

யேசுதாசன் காகிதத்தை மறுபடி பார்த்தார், அதில் வேறு வார்த்தை இல்லை. அடுத்தவர் வார்த்தைகளைச் சுமந்தே பழகியவர் அவர். சீனிதான் எதிரில் குந்தினான்.

“மாப்புள்ள, இங்க பாரு. காயிதத்துல நான் செத்துட்டேன், நீ கொன்னுட்ட. அது அங்கயே கெடக்கட்டும். நாம ரெண்டு பேரும் சுங்கை சிப்புட்டு பாசார்ல தோள்மேல கை போட்டுக்கிட்டு ஒரு நட நடந்தோம்னா அந்தக் காயிதத்த எவன் நம்புவான்? அத அழிக்கத்தான் யாராலயும் முடியாது. நம்ம நடக்கலாம்ல?”

உடையப்பன் சீனியின் நெற்றித் தழும்பைப் பார்த்தான்.

“தோள்மேல கையா?”

“ஆமா.”

“தெனமுமா?”

“சாவுற வரைக்கும்.”

உடையப்பன் எழுந்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய மேல் கோர்ட்டு தெரியாது.

8

வெளி வாசலில் நவமணி நின்றாள். பெண்களை உள்ளே விடவில்லை. இருவரும் தோள்மேல் கை போட்டபடி வெயிலுக்குள் வந்தார்கள். சீனி கையை எடுத்துக்கொண்டு யேசுதாசனோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.

நவமணி எதையும் மறைக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், வந்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்.

“சாட்சி சொன்னதுக்காக மட்டும் இல்லீங்க. நீங்க கொன்னுட்டீங்கன்னு நான் மனசாலயே நம்பிட்டேன். கயித்துல போடுற அளவுக்கு நம்பிட்டேன்.”

உடையப்பன் —

முதலில் இப்படி எழுதினேன்: “நானா இருந்தாலும் நம்பியிருப்பேன் என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்தான்.” அடித்துவிட்டேன். கூண்டில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவ்வளவு சீக்கிரம் கண்ணைத் துடைக்க மாட்டான்.

பிறகு இப்படி: “அவளைத் தாண்டி நடந்துபோனான்.” அதையும் அடித்தேன். அந்தச் சாட்சியைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு நீதிபதியைப் பெஞ்சில் உட்கார வைத்தவள் அவள்.

பிறகு “அவன் அவளிடம் கேட்டான், ஒனக்கு எப்பவாச்சும் ஒரு தடவை —”

தெரியவில்லை. என்ன கேட்டான் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. மனைவி மனதில் ஒரு முறை எழுதிய தீர்ப்பை அவளே அழித்தாலும், எழுதப்பட்டவன் அதை அழிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? எல்ஸியிடம் கேட்டேன். “அதுக்குச் சட்டம் இல்ல” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது நிம்மதியா, பொறாமையா என்று விளங்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று மத்தியான ரயிலில் மூன்று பேர் ஏறினார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டி, எதிரெதிரே இரண்டு பலகைகள். சீனி முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவன் பக்கத்திலும் இடம் இருந்தது, எதிரிலும் இருந்தது. நவமணி எதிர்ப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடையப்பன் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி அசைந்தது.

அவன் யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் உட்கார வையுங்கள். சரியில்லை என்று தோன்றினால் அடுத்த ஸ்டேஷனில் எழுப்பி மாற்றி உட்கார வைக்கலாம். உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.